பன்னிரண்டாவது திருகு

மலை இல்லாத ஊரில்
மலைச் சைக்கிள் வைத்திருக்கிறேன்.
இருக்கிற ஒன்றும் பரங்கிமலை,
அதிலும் பாதிதூரம் தள்ளிக்கொண்டுதான் போவேன்.
எனக்கு ஏற்றம் என்றால் மேம்பாலம்,
இறக்கம் என்றால் அதன் மறுபக்கம்.

ஐப்பசி மழை. பேசின் பிரிட்ஜ் இறக்கம்.
ரப்பர் கட்டைகள் ஈர ரிம்மைச்
சோப்பு போடுவது மாதிரி தடவிக்கொண்டே போயின.
நான் பிடித்துக்கொண்டே இருந்தேன்,
அது போய்க்கொண்டே இருந்தது.
ஒரு மீன்பாடி வண்டியின் பின்பலகைதான்
என்னை நிறுத்தியது.
ஓட்டியவர் திரும்பிப் பார்த்து,
"பிரேக் இல்லியா, கண்ணு இல்லியா?" என்றார்.
இரண்டில் ஒன்றைத்தான் என்னால் மாற்ற முடியும்.

புதிய டிஸ்க் பிரேக் நாலாயிரத்துச் சொச்சம்.
புதுப்பேட்டையில் புல்லட்டுக்கு இருந்தது,
பல்சருக்கு இருந்தது,
எந்தக் காலத்திலோ செத்த லாம்பிக்குக்கூட இருந்தது.
"சைக்கிளுக்கா?" என்று
பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுச் சிரித்தார்கள்.
கடைசியில் ஓட்டேரியில் ஒரு பஞ்சர் கடைப் பையன்
சிகரெட் அட்டையில் நம்பர் எழுதிக் கொடுத்தான்.

கொளத்தூர். இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது.
கதவைத் திறந்தவர் தேவசகாயம்.
ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றவர்
அவர் மனைவி எமெல்டா.
ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டில் பூண்டு.

பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்துப்
பழைய காலண்டர் தாளில் பரப்பினார்:
இரண்டு காலிப்பர், இரண்டு தட்டு,
கேபிள் ஒன்று துருப்பிடித்து, ஒன்று பிடிக்காமல்,
திருகு பதினொன்று.
"பன்னெண்டு இருக்கணுமே?"
"வூட்டுக்குள்ளதான் எங்கியாவது கெடக்கும்.
தேடிப் பாத்துட்டேன்."

தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினேன்.
விளிம்பில் ஒரு நீலம்,
சூடேறிச் செத்த இரும்பின் நீலம்.
எங்கே இவ்வளவு என்றேன்.
"ஏலகிரி!" என்றார். ஆள் ஒரு அங்குலம் வளர்ந்த மாதிரி இருந்தது.
"பதினாலு வளைவும் இதைப் பிடிச்சிக்கினேதான் எறங்கினேன்."
ஃபிரிட்ஜ் பக்கம் சத்தமில்லை.

கட்டைகளைக் கழற்றினேன்.
ஒன்று டீயில் விழுந்த பிஸ்கட்டாகத் தேய்ந்து,
இன்னொன்று தடித்து, ஏறக்குறைய புதிது.
கேபிளில் இழுக்கும் பிரேக் அப்படித்தான்.
ஒரு கட்டை மட்டும் ஓடி வரும்.
மற்றது இருந்த இடத்திலேயே இருக்கும்.
நடுவில் சுழலும் தட்டு
மயிரளவு வளைந்து
அசையாததன் மீது போய்ச் சாயும்.
அப்போதுதான் சக்கரம் நிற்கும்.

"ரெண்டாயிரம்" என்றார்.
ஆயிரத்து இருநூறு என்றேன்.
இறங்கினார், நின்றார், மறுபடி ஏறினார்,
ஃபிரேமை மச்சான் மகனுக்குச்
சும்மா கொடுத்த கதையைச் சொன்னார்,
ஒவ்வொரு எண்ணுக்கும் ஒருமுறை
ஃபிரிட்ஜைத் திரும்பிப் பார்த்தார்.
எமெல்டா தலையாட்டவில்லை,
வேண்டாமென்றும் சொல்லவில்லை.
ஆயிரத்து ஐந்நூறில் அவராகவே
"சரி, எடுத்துக்கங்க" என்றார்.
நான் பார்த்தவரை அந்தப் பக்கம்
எதுவும் அசையவில்லை.

முதல் மாடித் திருப்பத்தில்
பின்னால் செருப்புச் சத்தம்.
"தம்பி."
மூடிய கையை நீட்டி, என் கைக்குமேல் திறந்தார்.
பன்னிரண்டாவது திருகு.
எங்கே இருந்தது என்று கேட்கவில்லை.
அது சூடாக இருந்தது.

உப்புத்தாளில் கட்டையைத் தேய்த்தேன்,
ஸ்பிரிட்டில் தட்டைத் துடைத்தேன்,
நட்சத்திரக் குழிச் சாவியை இரவல் வாங்கி
ஒவ்வொன்றாக முடுக்கினேன்.
இப்போது பன்னிரண்டில்
எது அவருடையது என்று தெரியாது.

முதல் வாரம் பெரம்பூர் முழுக்கக்
கீச்சென்று கத்திக்கொண்டே போனேன்.
ஆட்டோக்காரர்களே வழிவிட்டார்கள்.
நேற்று திரும்ப மழை, அதே இறக்கம்.
முன்னால் ஒரு மீன்பாடி வண்டி, அதே ஆளா தெரியவில்லை.
இரண்டு விரலால் பிடித்தேன்.
பதினைந்தாவது வளைவு போல
பலகைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.
அவர் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்த்திருக்கலாம்.